வனைகலையும் நான்காம் காரணமும்

1. முன்னுரை

மக்கள் கண்ட கலைகளுள் மிகப் பழையன இவை என எண்ணப் புகுவார், மண்ணைப் பிசைந்து உருச்செய்து தீயிற் சுட்ட கலையை முதல் வரிசையில் வைப்பர். ஆயினும், தமிழில் கலைத் திறனாய்வு எழுதியோர் கற்சிற்பத்தையும் செப்புத் திருமேனியையும் ஆராய்ந்த அளவிற்குச் சுடுமண் உருவங்களை ஆராய்ந்தாரல்லர். அவற்றைத் தொல்லியலார்க்கு உரிய ஓட்டுச் சில்லுகள் என்றோ, சிற்றூர் வழிபாட்டுப் பொருள்கள் என்றோ கருதி அப்பாற் சென்றனர். இக்குறை இன்று முன்னினும் பெரிதாகத் தோன்றுகின்றது. ஏனெனில், கடந்த அரை நூற்றாண்டில் மண்ணையே தம் கலைப்பொருளாகக் கொண்ட சிற்பியர் பலர் இந்திய நாட்டில் தோன்றியுள்ளனர். அவருள் சிலருடைய படைப்புகள் 'அகநோக்கு உடையன', 'ஆன்மிகச் சார்புடையன' என்று பாராட்டப்பெறுகின்றன. கண்காட்சிக் குறிப்புகளில் இச்சொற்கள் தாராளமாக வழங்குகின்றன. அவை எதனைக் குறிக்கின்றன, எக்குறி கொண்டு ஒரு படைப்பினுக்கு அத்தன்மை உண்டென்றும் இல்லையென்றும் துணிவது என்பன விளங்கவில்லை. இவ்வினாவே இக்கட்டுரையின் பொருள்.

மண்கலம் செய்தலைத் தமிழ் 'வனைதல்' என்னும் தனிச்சொல்லாற் குறிக்கும். மரத்தைச் செதுக்குவர், பொன்னை உருக்கி வார்ப்பர், மண்ணை வனைவர். ஆதலின் இக்கலையை 'வனைகலை' என்றும், இதில் வல்லாரை 'வனைஞர்' என்றும் ஈண்டு வழங்குவோம். வனைகலையில் அகநோக்கினை அளந்தறிதற்கு மூன்று அளவைகளை முதலில் வகுத்துக்கொண்டு, அவற்றைப் புதுச்சேரியோடு தொடர்புடைய இக்காலச் சிற்பியர் இருவர்பால் பொருத்திக் காண்போம். பின்னர் வேலூர் மாவட்டத்துக் கரிகிரியின் பெயரறியாக் குயவர்பாலும் அவ்வளவைகளையே பொருத்துவோம். பெயர் பெற்றார்க்கு ஓர் அளவையும் பெயரற்றார்க்கு வேறோர் அளவையும் கொள்வது திறனாய்வாகாது என்பது நம் துணிபு.

2. சமநிலையும் மெய்ப்பாடும்

'அகநோக்கு என்பது கலைஞனின் உள்ளத்தில் நிகழ்வது. அவன் நாள்தோறும் அமைதியில் அமர்ந்து தன்னை ஒடுக்கிப் பணிபுரிகின்றான். அவ்வொழுக்கமே அவன் கலையின் ஆன்மிகம்' என்பார் உளர். அவ்வொழுக்கம் போற்றத்தக்கதே. ஆனால், திறனாய்வாளன் முன் வைக்கப்பெறுவது கலைஞனின் உள்ளம் அன்று. அவன் ஆக்கிய பொருளே. உள்ளத்து நிகழ்வது புறத்தே புலனாதலைத் தொல்காப்பியர் மெய்ப்பாடு என்றனர். நகை முதலாக உவகை ஈறாக அவர் எண்ணிய மெய்ப்பாடுகள் எட்டு. நாடக நூலார் சமநிலையைக் கூட்டி ஒன்பது என்பர் என்றும், சமநிலைக்குப் புறத்தே தோன்றும் வேறுபாடு இன்மையின் அஃது எட்டனுள் வைக்கப்படவில்லை என்றும் உரைமரபு விளக்கும்.

இவ்விளக்கம் நம் ஆராய்ச்சிக்குப் பெருந்துணை செய்வதாகும். அகநோக்கு என்று இக்காலத்தார் கூறுவது பெரும்பாலும் இச்சமநிலையையே. அழுகைக்குக் கண்ணீரும் வெகுளிக்குச் சிவந்த கண்ணும் போலச் சமநிலைக்கு ஓர் அடையாளம் இல்லை. அடையாளம் இல்லாத ஒன்றைக் காட்ட விரும்பும் கலைஞன் எளிய வழியொன்றை நாடுவது இயல்பு. மூடிய விழியுடைய புத்தர் தலையையோ, தூபியையோ, இலிங்கத்தையோ, மந்திர எழுத்தையோ படைப்பின்மேல் அமைத்துவிட்டால் காண்போர் உடனே 'ஆன்மிகம்' என்று அறிந்துகொள்வர். ஆயின், அவ்வாறு அமைவது மெய்ப்பாடு அன்று, பெயர்ப்பலகையே. சின்னத்தை நீக்கிய பின்னும் படைப்பில் எஞ்சி நிற்பது யாது என வினவுதலே திறனாய்வின் கடமை. வனைகலையைப் பொறுத்தவரை, அவ்வாறு எஞ்சி நிற்கக்கூடியன மூன்று: உள்வெளி, தீக்கு விட்ட இடம், நிலத்தொடு கொண்ட உறவு. இம்மூன்றும் சின்னங்கள் அல்ல, வனைகலையின் தொழிற்கூறுகளே.

3. முதல் அளவை: உள்வெளி

கற்சிற்பம் உள்ளும் புறமும் கல்லாகவே இருக்கலாம். சோழர்காலச் செப்புத் திருமேனிகள் பெரும்பாலும் உட்கனத்தொடு வார்க்கப்பட்டவை. சுடுமண் உருவம் மட்டும் அவ்வாறு இருத்தல் இயலாது. தடித்த மண்ணினுள் ஈரம் தங்கிவிடுமாயின், சூளையில் அது நீராவியாகி வெளிப்பட வழியின்றி உருவத்தையே வெடிக்கச் செய்யும். ஆதலின், வனைஞன் எத்துணைப் பெரிய உருவத்தைச் செய்யினும் அதன் உள்ளே வெற்றிடம் அமைத்தே ஆகவேண்டும். தென்பாண்டி நாட்டிலும் புதுக்கோட்டைப் பகுதியிலும் ஐயனார்க்குக் குயவர் செய்யும் குதிரைகளை நோக்குக. அவற்றின் கால்களும் வயிறும் குழாய்களும் பானைகளும் போல உள்ளீடின்றி வனையப்பட்டவை. ஆகவே, வெறுமை என்பது வனைகலையில் ஒரு தத்துவக் கருத்தாகப் புகுவதற்கு முன்னரே தொழில் தேவையாகப் புகுந்துவிட்டது.

தமிழ்ப் புலவர் இவ்வுள்வெளியை உணர்ந்திருந்தனர் என்பதற்குப் புறநானூற்றின் 256ஆம் பாட்டுச் சான்று. பாலை வழியே தன் கணவனொடு வந்த பெண்ணொருத்தி அவனை இழந்து நிற்கின்றாள். வண்டியின் ஆரக்காலைப் பற்றிக்கொண்டு வந்த சிறு பல்லிபோல அவனைப் பற்றி வந்தவள் அவள். ஊர்க் குயவனிடம் அவள் வேண்டுவது ஒன்றே: தனக்கும் இடம் உளதாகுமாறு ஈமத்தாழியை அகலமாக வனைக என்பது. தாழி அழகாக இருக்கவேண்டும் என்றோ, அதன்மேல் அணி செய்யவேண்டும் என்றோ அவள் கேட்டிலள். அவள் கேட்டது உள்ளிடம். மண்கலத்தின் பொருள் அதன் சுவரில் இல்லை, அச்சுவர் சூழ்ந்து நிற்கும் வெளியில் உள்ளது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் இலக்கியச் சான்று அரிது. வெண்ணிக்குயத்தியார் என்னும் குயக்குலப் பெண்பாற் புலவரைப் பெற்றிருந்த இலக்கியத்தில் இவ்வுணர்ச்சி இடம்பெற்றது வியப்பன்று.

எனவே, முதல் அளவை இது: ஒரு சுடுமண் சிற்பத்தின் உள்வெளி அதன் பொருளில் பங்கு கொள்கின்றதா, அன்றி வெடிப்பைத் தவிர்ப்பதற்காக மறைவில் விடப்பட்ட வெற்றிடமாக மட்டும் இருக்கின்றதா?

4. இரண்டாம் அளவை: நான்காம் காரணம்

சைவ சித்தாந்த நூலாரும் உரையாசிரியரும் உலகத் தோற்றத்தை விளக்குதற்குக் குயவன் தொழிலை உவமையாக எடுத்தாள்வர். குடத்திற்கு மண் முதற்காரணம். தண்டும் சக்கரமும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணம். இவ்வாறே உலகிற்கு மாயை முதற்காரணமும், சத்தி துணைக்காரணமும், இறைவன் நிமித்த காரணமும் ஆவர் என்பது கருத்து. தமிழ் மாணாக்கர் அனைவரும் அறிந்த உவமை இது.

இவ்வுவமையை வனைகலையின் பக்கம் நின்று நோக்கின் ஒன்று புலனாகும். மண் கூறப்பட்டது, திரிகை கூறப்பட்டது, குயவன் கூறப்பட்டான், சூளைத்தீ கூறப்படவில்லை. தத்துவ நூலார்க்கு அது தேவையன்று. உருவம் தோன்றுதலே அவர் விளக்க விரும்பியது. ஆனால், சுடாத குடம் மழையில் நனைந்தால் மீண்டும் சேறாகிவிடும். ஏறத்தாழ 450 முதல் 600 பாகை செல்சியஸ் வெப்பத்தில் மண்ணின் அணுக்கட்டில் பிணைந்திருக்கும் நீர் நீங்குகின்றது. அதன்பின் அப்பொருள் மீண்டும் குழையும் மண்ணாதல் இல்லை. 573 பாகையில் மண்ணிலுள்ள படிகக்கல் தன் அமைப்பு மாறிச் சற்று விரிவதும், ஆறும்போது சுருங்குவதும் கலத்தை விரியச் செய்தலும் உண்டு. ஏறத்தாழ 1200 முதல் 1300 பாகை வரை செல்லின், தக்க மண் கல்லைப்போல் இறுகிவிடும். இம்மாற்றங்கள் நிகழும்போது வனைஞனின் கை சூளைக்கு வெளியே நிற்கின்றது. விறகிடலாம், காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். உள்ளே புகுந்து திருத்த இயலாது. குடத்தைக் குடமாக்கும் இறுதிச்செயல் குடம் வனைந்தவனின் கையில் இல்லை. ஆகவே, தீயினை வனைகலையின் நான்காம் காரணம் என்று கூறுதல் பொருந்தும்.

தமிழகத்துப் பெருங்கற்காலக் கலங்கள் இதனை நன்கு காட்டும். உள்ளும் விளிம்பும் கறுத்துப் புறத்தே சிவந்து விளங்கும் கருப்பு-சிவப்புக் கலங்கள் ஆதிச்சநல்லூர் முதல் கீழடி வரை கிடைத்துள்ளன. இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ள பையம்பள்ளியில் இந்தியத் தொல்லியல் துறை 1960களில் நிகழ்த்திய அகழாய்வில் புதிய கற்காலத்தையும் பெருங்கற்காலத்தையும் சார்ந்த வாழ்விடச் சான்றுகள் வெளிப்பட்டன. அக்கலங்களின் கருமையும் செம்மையும் இருவேறு வண்ணப் பூச்சுகள் அல்ல. ஒரே மண்ணிலுள்ள இரும்பு, காற்றுப் பட்ட இடத்தில் சிவக்கின்றது. காற்று மறுக்கப்பட்ட இடத்தில் கறுக்கின்றது. குயவன் தீட்டிய கோடு அன்று அது. தீயும் காற்றும் தம்முள் எல்லை வகுத்துக்கொண்ட கோடு.

புறநானூற்று 228ஆம் பாட்டில் ஐயூர் முடவனார், சோழன் கிள்ளிவளவன் இறந்தபோது தாழி வனையும் குயவனை நோக்கி இரங்குகின்றார். அவனைக் கோ என்றே விளிக்கின்றார்; அவன் சூளைப் புகை இருள்போல வானிற் சென்று தங்குவதையும் குறிக்கின்றார். நிலவுலகைத் திரிகையாகவும் பெருமலையை மண்ணாகவும் கொண்டு வனைய வல்லையோ என்பது அவர் வினா. திரிகை, மண், குயவன் என்னும் மூன்றினொடு சூளையின் புகையையும் ஒருங்கே கண்ட புலவர் அவர். தத்துவ உவமை விட்டதனைச் செய்யுள் விடவில்லை என்பது நோக்கத்தக்கது.

எனவே, இரண்டாம் அளவை: ஒரு படைப்பில் தீக்குரிய இடம் விடப்பட்டுள்ளதா? முன்னரே முடிவு செய்த உருவத்தைக் கெட்டிப்படுத்தும் ஏவலாளாகவே தீ நடத்தப்படுகின்றதா, அன்றித் தீ உடன் படைப்போனாக ஏற்றுக்கொள்ளப்படுகின்றதா? 'யான்', 'எனது' என்னும் செருக்கு அறுதலை அகநோக்கின் பயன் என்று நம் நூல்கள் கூறுமாயின், வனைகலையில் அச்செருக்கு அறும் இடம் சூளையின் வாயிலே.

5. மூன்றாம் அளவை: நிலம்

கலைஞன் மண்ணைக் கடையில் வாங்கும் பொருளாக மட்டும் கருதுகின்றானா, அன்றி ஒரு நிலத்தின் கூறாக உணர்கின்றானா என்பது மூன்றாம் அளவை. ஒவ்வொரு மண்ணிற்கும் தனித்தனி நிறமும் சுருக்கமும் வெப்பந் தாங்கும் ஆற்றலும் உண்டு. ஏரி வண்டலும் ஆற்றங்கரைக் களியும் மலையடிச் செம்மண்ணும் ஒன்றல்ல. ஐயனார் குதிரை ஊர் மண்ணில் பிறந்து, ஊர் எல்லையில் நின்று, வெயிலிலும் மழையிலும் சிதைந்து, ஊர் நிலத்திலேயே கிடந்து ஒழிகின்றது. புரவியெடுப்பின்போது புதிய குதிரை வருகின்றது. பழையது போற்றிப் புதுக்கப்படுவதில்லை. நிலைபேற்றை விரும்பாத இக்கலை, நிலத்தினின்று பெற்றதை நிலத்திற்கே ஈந்துவிடும் கலையாகும்.

6. புதுச்சேரிச் சூளை: ரே மீக்கர்

இம்மூன்று அளவைகளையும் இனி இக்காலக் கலைஞர்பால் பொருத்திக் காண்போம். 1971ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டினரான ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் என்னும் மட்கலக் கூடத்தை நிறுவினர். அரவிந்தர் ஆசிரமத்தின் சார்பு அதற்கு இருந்தது. உயர்வெப்பத்தில் கல்லென இறுகி, மேலே கண்ணாடிபோலும் மெருகுப் பூச்சுக் கொண்ட கலங்கள் அங்கு ஆக்கப்பட்டன. சவுக்கு விறகு எரித்துச் சூளை நடத்தப்பட்டது. அவ்வட்டாரத் தமிழர் பலர் அங்குத் தொழில் கற்றனர். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் மாணாக்கர் வந்து பயின்றனர்; இன்று பெயர் பெற்றுள்ள இந்திய வனைஞர் பலர் அக்கூடத்தின் வழியினர்.

டெபோரா ஸ்மித் சப்பானிய மட்கல மரபில் பயிற்சி பெற்று வந்தவர். அம்மரபில் யனாகி சோயெட்சு என்னும் அறிஞர், பெயர் பொறிக்காத எளிய கைவினைஞனின் நாட்கலத்தில் உள்ள அழகே தலையாய அழகு என்னும் கொள்கையை நிறுவி, 1936இல் தோக்கியோவில் நாட்டுப்புறக் கைவினை அருங்காட்சியகம் ஒன்றனையும் அமைத்தார். அமாதா சோஜி, பெர்னார்டு லீச் ஆகிய வனைஞர் அக்கொள்கையைத் தம் கலங்களிற் கடைப்பிடித்தனர். இக்கொள்கையை ஈண்டு நினைவிற் கொள்ளுதல் வேண்டும். கரிகிரியைப் பற்றிப் பேசுங்கால் இதற்கு மீள்வோம்.

மீக்கரின் படைப்புகளுள் நம் ஆராய்ச்சிக்கு முதன்மையானவை அவர் 1980களின் நடுவிலிருந்து கட்டிச் சுட்ட வீடுகளாகும். ஈரானியக் கட்டடக் கலைஞர் நாதர் கலீலியின் முயற்சிகளால் ஊக்கம் பெற்று, அவர் பச்சைமண் கற்களால் வில்வளைவும் குவிமாடமும் கொண்ட வீட்டை முழுமையாகக் கட்டி, அவ்வீட்டையே சூளையாக்கி, உள்ளே சுடவேண்டிய செங்கல் முதலியவற்றை அடுக்கி, நாட்கணக்கில் தீயிட்டார். தீ அணைந்து ஆறியபின் சுவரும் கூரையும் ஒரே சுடுமண் கலமாக நின்றன. பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் புரொதிமா பேடி 1990இல் தொடங்கிய நிருத்யகிராமத்தில் நாட்டியப் புடைப்புருவங்களொடு நிற்கும் சுடுமண் கோயிலும் அவர் ஆக்கியதே.

முதல் அளவையால் நோக்கின், இவ்வீடுகளுக்கு நிகரான உள்வெளி வேறெச் சுடுமண் படைப்பிலும் இல்லை. கலத்தின் உள்ளே மனிதனே புகுந்து அமர்கின்றான். புறநானூற்றுப் பெண் கேட்ட இடம் ஈமத்திற்காக அன்றி வாழ்விற்காக இங்குக் கிடைக்கின்றது. இரண்டாம் அளவையால் நோக்கின், கட்டுவோன் தன் முழுக் கட்டடத்தையும் தீக்கு ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்கின்றான். சிறு குடம் வெடித்தால் மற்றொன்று வனையலாம்; வீடு வெடித்தால் பல திங்கள் உழைப்பும் போம். ஆகவே, 'ஆன்மிகம்' என்று பொறிக்கப்படாத சுவரில் ஆன்மிகம் நிகழ்கின்றது எனலாம். மூன்றாம் அளவையில்தான் ஐயம் எழுகின்றது. மண் அந்நிலத்தின் மண்ணே. எனினும் ஒரு வீட்டைச் சுடுதற்கு எரிபொருள் மிகுதியாக வேண்டும். எளிய மக்களுக்குரிய மலிவான வீடு என்ற நோக்கில் இம்முறை பரவி நிலைபெறவில்லை. நிலத்தின் மண்ணைக் காக்க முயன்ற கலை, நிலத்தின் மரத்தைக் கேட்டது. இம்முரண்பாட்டை மறைத்துப் போற்றுதல் மீக்கருக்குச் செய்யும் மதிப்பாகாது. தீயின் விலையை முழுமையாகத் தெரியக் காட்டியதே அவ்வீடுகளின் மெய்ம்மை.

7. வினீத் காக்கர்

கோல்டன் பிரிட்ஜில் பயின்றவருள் அகநோக்குச் சிற்பியாக மிகுதியும் பேசப்படுபவர் தில்லியைச் சார்ந்த வினீத் காக்கர். கட்டடக்கலை கற்றுப் பின் வனைகலைக்கு வந்தவர் இவர். இமயமலைப் பகுதிகளின் நிலத்தோற்றமும், அங்குள்ள புத்தத் தூபிகளும், வழிபாட்டுக் கற்களும் இவருடைய உருவங்களுக்கு ஊற்றுக்கண். உயர்ந்து நிற்கும் தூண், அடுக்கடுக்கான படிவு, வெடிப்புற்ற மேற்பரப்பு, இலிங்கத்தையும் தூபியையும் நினைவூட்டும் நெடுவடிவு ஆகியன இவருடைய கலையில் மீண்டும் மீண்டும் காணப்படுவன.

இவருடைய படைப்புகளை இரு வகையாகப் பிரித்துக் காணுதல் நலம். முதல் வகையில், வழிபாட்டுச் சின்னமும் எழுத்தும் தெளிவாகத் தெரிகின்றன. காண்போன் அவற்றைப் படித்து அறிந்துகொள்கின்றான். இரண்டாம் வகையில், மலையும் கோயிலும் ஒன்றையொன்று விழுங்கிய நிலையில் மண்ணின் பிளவும் படிவுமே எஞ்சுகின்றன. காண்போனுக்குப் படிப்பதற்கு ஒன்றும் இல்லை, நிற்பதற்கு இடம் உண்டு. நாம் இரண்டாம் வகையையே உயர்வாக மதிக்கின்றோம். முதல் வகையில் சமநிலை சுட்டப்படுகின்றது. இரண்டாம் வகையில் அது நிகழ்கின்றது. மண்ணின் மேற்பரப்பு உலரும்போது பிளந்த பிளவினைப் பூசி மறைக்காமல், தீயிலிட்டு நிலைபெறச் செய்தல் எளிய செயலன்று. தவறென்று பிறர் கருதுவதனைப் பொருளென்று ஏற்கும் துணிவு அதற்கு வேண்டும். அத்துணிவு உள்ள இடத்தில் தீக்குரிய இடம் விடப்பட்டிருக்கின்றது.

ஆயினும் ஒரு வரையறை உண்டு. இமயத்தின் நிலத்தை நினைவிலிருந்து உருவாக்கும் இச்சிற்பங்கள், மண்ணை ஓர் ஊரின் மண்ணாகக் கருதுவன அல்ல. மண் இங்குப் பல இடங்களைக் குறிக்கவல்ல பொதுமொழியாக நிற்கின்றது. ஐயனார் குதிரை தான் நிற்கும் இடத்தைக் குறிப்பதன்று, அவ்விடத்தின் கூறே அது. காட்சிக் கூடத்திற்குச் செல்லும் சிற்பம் எந்நிலத்திலும் வைக்கப்படலாம். ஆதலின் எந்நிலத்திற்கும் கடன்படுவதில்லை. இது காக்கருக்கு மட்டும் உரிய குறையன்று. காட்சிக் கூடத்தை வாழ்வாகக் கொண்ட வனைகலை முழுமைக்கும் உரிய நிலை.

8. கரிகிரி

வேலூரின் வடபால் காட்பாடியை அடுத்துள்ள கரிகிரி, மெருகுப் பூச்சுக் கலங்களுக்குப் பெயர் பெற்ற ஊர். பச்சை, நீலம், பழுப்பு முதலிய ஒளிரும் வண்ணங்களில் குடுவைகளும் பூக்கலங்களும் அங்கு வனையப்பட்டன. தமிழகத்துப் பெரும்பாலான ஊர்களில் குயவர் பூச்சில்லாச் செங்கலங்களையே செய்துவர, இவ்வூர் மெருகுப் பூச்சில் தேர்ந்தமை தனிச்சிறப்பு. ஆயினும், அக்கலங்களை வனைந்தார் பெயர் கலை வரலாற்றில் இல்லை. 'வேலூர்க் கலம்', 'கரிகிரிக் கலம்' என ஊரின் பெயரே அவர்க்கெல்லாம் பெயராயிற்று.

பெயரின்மை தமிழ் வனைகலையில் பழைமையானது. கீழடியிற் கிடைத்த ஓடுகளில் ஆதன், குவிரன் ஆதன் முதலிய பெயர்கள் தமிழியில் கீறப்பட்டுள்ளன. அவற்றைக் கலத்துக்கு உடையார் பெயர் என்றே ஆய்வாளர் பெரும்பாலும் கொள்வர். உடையவன் பெயர் இரண்டாயிரம் ஆண்டு கடந்து நின்றது. வனைந்தவன் பெயர் நிற்கவில்லை. யனாகி போன்றார் இப்பெயரின்மையை ஓர் உயர்நிலையாகவே போற்றினர். செருக்கற்ற கை செய்த கலம் என்று அவர் கூறியதில் உண்மை உண்டு. எனினும், அதனை அப்படியே ஏற்பதற்கில்லை. பெயரைத் துறத்தல் வேறு. பெயர் தரப்படாமை வேறு. முன்னது துறவு, பின்னது புறக்கணிப்பு. காட்சிக் கூடத்துக் கலைஞன் தன் பெயரை வைத்துக்கொண்டே 'யான் என்பது கரைந்தது' என்று கூறுகின்றான். கரிகிரிக் குயவனுக்குக் கரைப்பதற்கு ஒரு பெயரே வழங்கப்படவில்லை.

மூன்று அளவைகளால் இக்கலத்தை நோக்கின் யாது விளங்கும்? அதன் உள்வெளி பயன் கருதியது. நீரும் பூவும் அங்கு உறைகின்றன. பயன் இருப்பதனால் பொருள் இல்லாமற் போவதில்லை. தில்லையில் வாழ்ந்த திருநீலகண்டக் குயவனார் அடியார்க்கு ஓடு ஈந்தவர். சிவயோகியாக வந்தவன் தன் ஓட்டைப் பொன்னினும் மணியினும் மேலானதென்று கூறி அவரிடம் அடைக்கலம் வைத்தான் எனச் சேக்கிழார் காட்டுவார். அங்குப் போற்றப்பட்டது அணியன்று. ஏற்பதற்கு விரிந்த வெறுமை. மெருகுப் பூச்சோ தீயின் செயலே. உருகி ஓடும் பூச்சு எங்கே தடிக்கும், எங்கே மெலியும் என்பதை இறுதியில் சூளையே வகுக்கும். ஒரே கையும் ஒரே பூச்சும் ஒரே பச்சையைத் தருவதில்லை. நிலத்தொடர்பிலோ, ஊரின் பெயரே கலத்தின் பெயராய் நிற்பதனால், இக்கலம் காக்கரின் சிற்பத்தினும் மீக்கரின் வீட்டினும் முன்னிற்கின்றது. ஆகவே, 'அகநோக்கு' என்னும் சொல் காட்சிக் கூடத்துச் சிற்பத்திற்கு உரியதாயின், அதே அளவைகளால் கரிகிரிக் கலத்திற்கும் உரியதாகும்.

9. பாலாற்று மண்

நிலத்தொடர்பு ஓர் அளவையாயின், நிலத்தின் இன்றைய நிலையைக் கூறாது விடுதல் முறையன்று. வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்கள் தோல் தொழிலால் உலகறிந்தவை. தோல் பதனிடுதலும் மண் சுடுதலும் ஒருவகையில் உடன்பிறந்த தொழில்கள். அழியும் பொருளொன்றை மீளா மாற்றத்தால் நிலைபெறச் செய்தல் இரண்டிற்கும் பொது. முற்காலத்தில் ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்டனர். பின்னர்க் குரோமிய உப்புகள் பெருவழக்காயின. பச்சைத்தோலைக் கெடாது காக்கும் உப்பும் பதனிடு பொருள்களும் கழிவுநீரில் கலந்து பாலாற்றுப் படுகையின் நீரையும் நிலத்தையும் கெடுத்தன. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகத்து 28இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. மாசு செய்தவரே ஈடு செய்க என்னும் நெறியையும், தீங்கு வருமுன் காத்தல் என்னும் நெறியையும் இந்நாட்டுச் சட்டத்தின் கூறாக ஏற்ற தீர்ப்பு அது.

இச்செய்தி சட்டத்தார்க்கும் உழவர்க்கும் மட்டும் உரியதன்று. மண்ணில் கரைந்த உப்பு மிகுமாயின், வனைந்த கலம் உலரும்போது அவ்வுப்பு நீரொடு மேற்பரப்பிற்கு வந்து வெண்படலமாகப் பூக்கும். சூளையிலும் அக்கறை நீங்காது. அதன்மேல் இடும் மெருகுப் பூச்சும் சீராகப் பற்றுவதில்லை. அஃதாவது, நிலத்திற்கு நேர்ந்ததைக் கலம் தன் உடலிற் காட்டிவிடும். உள்ளத்து நிகழ்வு புறத்தே புலனாதல் மெய்ப்பாடு என்றோம். அவ்வாறாயின் அவ்வெண்படலம் நிலத்தின் மெய்ப்பாடு என்க. மண்ணின் தூய்மையை இழந்த நாட்டில் மண்ணைப் பற்றிய ஆன்மிகம் பேசுதல் வெறுஞ்சொல்லாகவே முடியும்.

மண் கெடாத இடத்திலும் அதனை அடையும் உரிமை குயவர்க்கு எளிதாக இருந்ததில்லை. ஏரி, குளங்களினின்று கட்டணமின்றி மண் எடுக்க வட்டாட்சியரே இசைவு தரலாம் எனத் தமிழக அரசு 2024ஆம் ஆண்டில் விதியை எளிமையாக்கியது. வரவேற்கத்தக்க செயல் இது. உயர்ந்த கலைக்கும் எளிய கலத்திற்கும் முதற்காரணம் மண்ணே ஆதலின், முதற்காரணத்தை அடையும் வழி அடைபட்ட பின் மற்றைக் காரணங்களைப் பற்றி ஆராய்வதனால் பயனில்லை.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவன இவை: வனைகலையில் அகநோக்கு என்பது மேலே அமைக்கப்படும் சமயச் சின்னத்தில் இல்லை. உள்வெளி பொருளுடையதாதல், தீயை உடன் படைப்போனாக ஏற்றல், பெற்ற நிலத்திற்குக் கடன்பட்டிருத்தல் என்னும் மூன்றனுள் அஃது உள்ளது. மீக்கரின் சுட்ட வீடுகள் முதல் இரண்டிலும் மிக உயர்ந்து மூன்றாவதில் தடுமாறுகின்றன. காக்கரின் சிற்பங்கள், சின்னம் கரைந்து மண்ணே பேசும் இடங்களில் இரண்டாம் அளவையை நிறைவு செய்கின்றன. கரிகிரிக் கலமும் ஐயனார் குதிரையும், யாரும் 'அகநோக்கு' என்று பெயரிடாத நிலையிலும், மூன்றனையும் ஒருங்கே பெற்று நிற்கின்றன.

தமிழ்த்துறைகள் இதில் ஆற்றவேண்டிய பணி ஒன்று உண்டு. மண்ணைத் தெரிதல், பிசைதல், தட்டுதல், சூளை அடுக்குதல், தீ மூட்டுதல், பதம் பார்த்தல் என ஒவ்வொரு நிலைக்கும் குயவரிடையே சொற்கள் வழங்குகின்றன. நிகண்டுகளில் இடம்பெறாத சொற்கள் அவற்றுள் பல இருத்தல் கூடும். வேலூர், விருத்தாசலம், மானாமதுரை, புதுக்கோட்டை முதலிய பகுதிகளின் வனைசொற்களைத் தொகுத்தல் முதுகலை மாணாக்கர்க்குத் தக்க ஆய்வுப்பொருள். தொகுக்குங்கால் சொல் வழங்கியவர் இசைந்தால் அவர் பெயரையும் உடன் எழுதுதல் வேண்டும். ஓட்டில் உடையவன் பெயரை மட்டும் கீறிய வழக்கத்தை ஆராய்ச்சியாளரும் தொடர்தல் ஆகாது.

கலைச்சொல் இல்லாத இடத்தில் திறனாய்வு வளர்வதில்லை. சூளையின் முன் நிற்பவனுடைய சொல்லைக் கற்றபின்னரே, சூளையிலிருந்து வந்த பொருளைப் பற்றி நாம் தீர்ப்புக் கூறும் தகுதி பெறுவோம்.